நிகர எடை

மில் வாசலில் எடைமேடை என் பொறுப்பு. பதினாறு வருடம்.
செம்பனைக் குலையோடு லாரி ஒருமுறை ஏறும்,
கொட்டிவிட்டு வெறுசாக இன்னொருமுறை.
கழித்து மிஞ்சுவதற்குத்தான் காசு.
அதிலும் காம்பு நீண்டால் பிடித்தம், ஈரமென்றால் பிடித்தம்.
டிரைவர்கள் சாமி மேல் சத்தியம் செய்வார்கள்.
எடைமேடைக்குச் சாமி தெரியாது.

அதே கண்ணோடு போய்
ஈஜோக் முச்சந்தியில்
தவமலரின் அட்டையைப் படித்திருக்கக் கூடாது:

கோதுமைப் புல் சாறு, ஒரு மடக்கு மூன்று வெள்ளி.
ஒரு கிலோ காய்கறிக்குச் சமம்.
பச்சை ரத்தம்.
புரதச் சுரங்கம்.
உடம்பு நஞ்செல்லாம் வெளியேறும்.

கையுறை ஃபேக்டரி ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள்.
வீட்டு ஜன்னலோரம் எட்டுத் தட்டில் புல்.
கைமெஷினைச் சுற்றிச் சுற்றி
வலது தோள் மட்டும் திரண்டிருந்தது.

குடித்தேன்.
மழை விட்ட பள்ளித் திடலில்
குப்புற விழுந்த ருசி.

அன்றிரவு மேசையில் ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
மடக்கு முப்பது கிராம், பெரும்பகுதி தண்ணீர்.
புரதம் ஒரு கிராமைத் தொடவில்லை;
ஐம்பது சென் முட்டைக்குள் ஆறு இருக்கிறது,
அட்டை எழுதாமல்.
ரத்தத்துக்கு நடுவில் இரும்பு,
இலைக்கு நடுவில் மக்னீசியம்.
முகச்சாயல் இருக்கிறது, சரி.
சாயல் இருந்தால் சொந்தமாகிவிடுமா?
சந்தையில் ஒரு கட்டு பாயாம் கீரை
இதையெல்லாம் கொஞ்சம் கூடவே தரும்,
நாரோடு.
இங்கே நார் மெஷினிலேயே தங்கிவிடுகிறது.
சக்கை பக்கத்து வீட்டு ஆட்டுக்கு.
ஆடுதான் லாபத்தில்.

மறுநாள் கேட்டேன்: எந்த நஞ்சு?
பெயர் சொன்னால் நிறுக்கலாம்.
"எல்லாந்தாங்க்கா."
எல்லாம் என்கிற சரக்கை
நான் மேடையில் ஏற்றுவதில்லை.

அட்டையில் இல்லாத ஒன்றுதான் கனத்தது.
இதய வால்வு மாற்றிய இன்பநாதன்
தினமும் வருகிறார்.
ரத்தம் உறையாதிருக்க மாத்திரை தின்கிறவர்.
பச்சை இலைக்குள்ளே ஒரு வைட்டமின், கே;
அது உறை என்று சொல்லும்.
மாத்திரை ஒரு பக்கம் இழுக்க
மடக்கு மறுபக்கம் இழுக்கும்.

இதைச் சொன்னபோது அவள் கை மெஷினில் நின்றது.
வாதம் செய்யவில்லை.
ஒரு கிலோவை அடித்தாள், ரத்தத்தை அடித்தாள்,
சுரங்கத்தைக் கொஞ்சம் யோசித்து அடித்தாள்.
நஞ்சை விட்டுவிட்டாள், கேட்டால் வாடிக்கையாம்.
கீழே சிவப்பு மார்க்கரில் எழுதினாள்:
ரத்தம் நீர்க்க மருந்து எடுப்பவர்கள்
டாக்டரைக் கேட்டுக் குடிக்கவும்.

இன்பநாதன் டாக்டரிடம் போனார். நல்லது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வருகிறேன்,
வரிசை சாலைவரை நிற்கிறது.
என் லாரிக்காரன் ஒருவனும் அதில்.
சிவப்பு எழுத்தைக் காட்டிச் சொன்னான்:
"டாக்டரையே கேக்கச் சொல்றாங்கன்னா
சாமான் ஏதோ பலமானதுதான்க்கா."

தவமலர் என்னைப் பார்த்தாள்.
நான் அட்டையைப் பார்த்தேன்.
பிடித்தம் போட எனக்கு இடம் தெரியவில்லை.