இழந்தவை: 19

ஈரோட்டு மஞ்சள் மண்டியில்
பதினோரு மணிக்குமேல் மட்டும்
மின்தராசு இரண்டு நொடி யோசிக்கிறது.
மூட்டை ஏறி நிற்கிறது, எண் வரவில்லை.
"ஏனுங்க, தராசு தூங்குதுங்களா?"
சிவகிரிக்காரர் ஒருவர் கேட்டதும்
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பெட்டிக்குள் ஓடுவது நான் எழுதிய நிரல்.

அலுவலக மூலையில் மடிக்கணினி.
விசைகளின் இடுக்கெல்லாம் மஞ்சள் தூசி,
எண்டர் விசை பூசிக் குளித்தே விட்டது.
அளக்கும் கருவியை ஓடவிட்டேன்.
கெர்னலே,
நொடிக்கு நாலாயிரம் தடவை எட்டிப் பார்,
யார் எங்கே நிற்கிறார் என்று சொல்.

சொன்னது.
7f3a91c04e10
7f3a91c04e58
மறுபடி 7f3a91c04e10
பெயர் வரவேண்டிய பத்தியில்
தெரியாது, தெரியாது, தெரியாது.

அப்புறம்தான் உறைத்தது.
போன வாரம் பட்டியலில் ஒரு வரியை அடித்திருந்தேன்.
டம்மி நிகழ்வு என்று அதற்குப் பெயர்.
கடிகாரத் துடிப்பை எண்ணாது,
எதையுமே எண்ணாது,
எப்போது கேட்டாலும் பூஜ்ஜியம்.
பெட்டியில் நினைவகம் கொஞ்சம்,
வெட்டியாய் ஒன்று எதற்கு என்று
நான்தான் தூக்கினேன்.

அது எண்ண வந்ததில்லை.
எந்த நிரல் பிறந்தது,
எது நடுவில் பெயரை மாற்றிக்கொண்டது,
எந்த நூலகம் எந்த முகவரியில் இறங்கியது,
எது எப்போது முடிந்துபோனது,
எல்லாம் ஓரமாய்க் குறித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு நேரே வாசல் மேசை.
துளசிமணி மூட்டையைத் தொடுவதில்லை,
ஏலத்தில் வாய் திறப்பதில்லை.
வண்டி எண், ஊர், ஆள் பேர், லாட்டு,
விரலியா கிழங்கா.
அந்த நோட்டு முழுக்கத் தேடினாலும்
ஒரு கிலோ கிடைக்காது.

அடித்த வரியைத் திரும்பச் சேர்த்தேன்.
பாதிக்குப் பெயர் வந்தது.
மீதி அப்படியே தெரியாது.
தராசு ஓடும் மூன்றாம் கோரில் மட்டும்
டம்மியை உட்கார வைத்திருந்தேன்.
சீட்டு அச்சடிக்கும் நிரலோ
முதல் கோரில் பிறந்து
சட்டி பானையெல்லாம் அங்கேயே இறக்கி,
பேரும் சொல்லிவிட்டு,
பிறகு இங்கே குடிவந்திருக்கிறது.
தெற்கு வாசலில் நோட்டு,
வடக்கு வாசலில் வண்டி.

நாலு கோருக்கும் திறந்தேன்.
எண்ணுவதை ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் பதினொன்றேகாலுக்கு ஆள் அகப்பட்டது.
ஒவ்வொரு சீட்டுக்கும்
எழுத்துருக் கோப்பைப் புதிதாய்த் திறந்து
வட்டைத் தட்டிக்கொண்டிருந்தது,
'கிழங்கு' என்பதன் ழகரத்துக்காக.
ஒருதரம் திறந்தால் போதும் என்று திருத்தினேன்.
மூட்டை ஏறியதும் எண் குதித்தது.

அறிக்கையின் அடியில் ஒரு வரி இருந்தது.
இழந்தவை: 19.
தாங்கல் நிரம்பிய நேரத்தில்
கெர்னல் எழுத முடியாமல் விட்ட குறிப்புகள்.
எவை என்று சொல்லவில்லை.
எத்தனை என்பதை மறைக்கவும் இல்லை.
செயலாளருக்கு அனுப்பும் காகிதத்தில் இது எதற்கு,
வெட்டிவிடலாம் என்று கையை வைத்தேன்.

அந்நேரம் வாசலில் சத்தம்.
நாற்பத்தேழாம் லாட்டுக்கு ஆள் பேர் இல்லையாம்.
நோட்டைத் திறந்தார்கள்.
இரண்டு வரிக்கு நடுவே துளசிமணியின் கையெழுத்து:
"10.40 முதல் 10.52 வரை சாப்பிடப் போயிருந்தேன்.
வந்த வண்டி மூணு, இல்லாட்டி நாலு."

"இதையெல்லாமா எழுதுவாங்க?"
மேலாளருக்கு முகம் சிவந்தது.
"எழுதாட்டி அந்நேரம்
வண்டியே வரலைன்னு ஆயிருமுங்க"
என்றாள், அடுத்த லாரியைப் பார்த்தபடி.

நான் வரியை வெட்டவில்லை.

சிவகிரிக்காரர் என் தோளுக்குமேல்
திரையை எட்டிப் பார்த்தார்.
"பத்தொம்பது மூட்டைங்களா காணோம்?"
மூட்டை இல்லீங்க, என்றேன்.
நல்லவேளை,
வேறென்ன என்று கேட்கவில்லை.