வெட்டம்

எங்கள் பக்கத்தில் வெளிச்சத்துக்கு வெட்டம் என்று பேர்.
ரப்பர் மரத்தில் நாங்கள் செய்யும் வேலைக்கு வெட்டு.
ராத்திரி இரண்டரைக்கு எழும்பி
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
நானூறு மூட்டுக்குப் போகிறவள் நான்.

என் விளக்கு பட்டையைத் தவிர
வேறெதையும் பார்க்காது.
கத்திக்கு முன்னால் ஒரு சாண்,
அவ்வளவுதான் அதன் ஊர்.
குனிந்தால் குனியும்.
அடுத்த மூட்டுக்கு நகர்ந்தால்
இந்த மரத்தை இருட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.
வெயில் ஏறினால்
மரம் வாயை மூடிக்கொள்ளும், பால் வராது.

குலசேகரம் சந்தையில்
மூன்று மாடிக் கட்டடத்தின் தலைமேல்
போன ஓணத்துக்கு வந்தது அந்தப் பலகை.
நகை போட்ட ஒரு மணப்பெண்,
அப்புறம் பிரஷர் குக்கர்,
அப்புறம் நர்சிங் காலேஜ்,
மறுபடியும் மணப்பெண்.
எட்டு விநாடிக்கு ஒருதரம்
என் வீட்டுச் சுவர் சிவக்கும், நீலமாகும்,
கொடியில் கிடக்கும் சேலை
நான் வாங்காத நிறங்களில் எல்லாம் தொங்கும்.
கட்டட முதலாளியின் பேர் பிரைட்சிங்.
அதற்காக நான் சிரிக்கவில்லை.
ஞானஸ்நானத்தன்று அவருக்கும் தெரிந்திருக்காது.

ஏசுவடியாளின் சேவல்
ராத்திரி பதினொன்றரைக்குக் கூவத் தொடங்கியது.
மணப்பெண் வந்தால் கூவும்.
நர்சிங் காலேஜுக்குக் கூவாது.
பத்து நாள் பொறுத்தாள்.
பதினோராம் நாள் அதைக் குக்கரில் வைத்தாள்.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.
தப்பு சேவலுடையது இல்லை என்று
தின்று முடித்த பிறகுதான் சொன்னேன்.

பலகைக்குக் கீழே டீக்கடை வின்சிலாஸ்
விடிந்ததும் வாரியலால் பூச்சிகளைக் கூட்டுகிறார்.
விட்டில், ஈசல்,
பேர் தெரியாத பச்சை நிறத்தில் ஏதோ.
ஒரு முறம் நிறைய.
"எடை போட்டு விக்கலாம் போல இருக்கு" என்கிறார்.
எதிரே அத்திமரத்தில் இருந்த வாவல்கள்
எங்கே போயின என்று அவரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை
நாகர்கோவிலுக்குப் போய் மனு கொடுத்தேன்.
அன்றைய வெட்டு போச்சு.
"பலகை யார் மேலயாவது விழுந்திச்சா?"
"பலகை விழல்ல சார், வெட்டம் விழுது."
எழுத்தர் வெளியூர்க்காரர்.
வெட்டம் என்றால் என்ன என்று கேட்டார்.
சொன்னேன்.
வெளிச்சம் வேண்டும் என்று கேட்கிற மனுவுக்குக்
கட்டம் இருந்தது பாரத்தில்.
வேண்டாம் என்பதற்கு இல்லை.
"இதர" என்ற இடத்தில் டிக் போட்டார்.
அங்கேதான் இருக்கிறோம் இப்போது,
நான், முறத்துப் பூச்சிகள், வாவல்கள்,
பிறகு ராத்திரியும்.

ஐப்பசியில் காற்று அடித்தது.
அயனிமரம் ஒன்று கம்பியில் சாய,
சந்தை முழுக்கக் கரண்டு போனது.
இன்றைக்காவது என்று முற்றத்துக்கு ஓடினேன்.
எங்கோ ஒரு ஜெனரேட்டர் உறுமியது.
சர்ச் இருட்டு, கோவில் இருட்டு,
போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மெழுகுவர்த்தி.
ஆளில்லாத சந்தையைப் பார்த்து,
கொட்டுகிற மழையைப் பார்த்து
மணப்பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
முதல்முறையாக எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது.
யாரோ அவளைத் தூங்க விடாமல்
நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மறு மனு எழுதியிருக்கிறேன்.
இந்தமுறை வெளிச்சம் என்றே எழுதினேன்.
பத்து மணிக்கு அணையுங்கள்,
விடிகிறவரை போடாதீர்கள், அவ்வளவுதான்.
முப்பத்தொரு கையெழுத்து.
இரண்டு பேர் கைநாட்டு,
விரலில் ஒட்டுப்பால் இருந்ததால்
தாளோடு தாள் ஒட்டிக்கொண்டது.
ஏசுவடியாளும் போட்டிருக்கிறாள்.
சேவலைப் பற்றி எழுத வேண்டாம் என்றாள்.

மணி இரண்டரை.
சந்தைக்குப் பின்னால்தான் தோட்டம்.
மூடு மூடாக எண்ணிக்கொண்டு போகிறேன்.
நாற்பதாவது மரத்தில்
நெற்றி விளக்கைப் போடுகிறேன்.
போன வருஷம்
முதல் மரத்திலேயே போடுவேன்.