எந்த ஊர்?

ஒண்டிக்கடை தாண்டி
ஏரிக்குப் போகும் சரிவில் எங்கள் வண்டி.
'மிளகாய் பஜ்ஜி' பலகையைத் திருப்பிப் போட்டு
முதுகில் 'கொரியன் நூடுல்ஸ்' என்று எழுதியவன்
மச்சினன் செங்கோடன்.
பாக்கெட்டு சேலத்தில் மொத்த விலைக்கு.
வெந்நீர், சிவப்புப் பொடி, மேலே ஒரு முட்டை,
நூற்றைம்பது ரூபாய்.
காலேஜ் பிள்ளைகள் மூக்கு ஒழுக ஒழுக
போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்பார்கள்.

மூடுபனி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
நிஜமாகவே அங்கிருந்து ஒருத்தி வந்துவிட்டாள்.
செங்கோடன் சிலிண்டருக்குப் பின்னால் போய்
எதையோ தேடினான்.

பெயர் ஹேரான். ஸ்ரீபெரும்புதூரில் வேலை.
'போதும்', 'காரம்', 'எவ்ளோ', 'எந்த ஊர்',
இவ்வளவு தமிழ் இருந்தது அவளிடம்.

ஒரு வாய் இழுத்தாள். மென்றாள்.
முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.
"எந்த ஊர்?"
"ஏற்காடுதான்."
இல்லை என்று தலையாட்டிக் கிண்ணத்தைத் தொட்டாள்.
"கொரியா," என்றேன்.
"கொரியா... எந்த ஊர்?"

பில் தாளைத் திருப்பிப் படம் போட்டாள்.
தெற்கே கடலோரம் பூசன்:
சண்டைக்குத் தப்பி வடக்கிருந்து வந்தவர்கள்
ஊர்த் தானியம் கிடைக்காமல்
நிவாரணக் கோதுமையில் பிசைந்தது;
ஐஸ் மிதக்குமாம் குழம்பில்.
கீழே தனியாக ஒரு பொட்டு, ஜேஜு தீவு:
நூடுல்ஸ்மேல் பன்றிக்கறி.
மேலே மலைக்குள் சுன்சொன்.
அங்கே பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.
கரட்டில் விளையும் ஏதோ தானியம்,
மாவு கறுப்பாம்.

"சாமை மாதிரி."
அவளுக்குச் சாமை தெரியவில்லை.
பக்கத்துக் கடை மூட்டையில் ஒரு பிடி அள்ளிக் காட்டினேன்.
ஒற்றை மணியை முன்பல்லில் வைத்துக் கடித்து
வெகுநேரம் ஏரியைப் பார்த்தாள்.

பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.
கொரியாவுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில்
இருபது கொண்டை ஊசியையும் ஒரே இழுப்பில் இறக்கி
சேலம் போட்டேன்.
இரண்டு தட்டுவடை, நடுவே துருவல், இரண்டு சட்னி:
செட் என்றால் அவ்வளவுதான்.
ஆனால் குகையில் பீட்ரூட் தூக்கல்,
அம்மாபேட்டையில் மாங்காய்,
செவ்வாய்ப்பேட்டைப் பூண்டு செட்
தின்றவன் பஸ்ஸில் தனியாகத்தான் உட்காரணும்.
எனக்குக் குகை.
அங்கே நானும் பேனாவை அழுத்தினேன்.

தாளை அவள் போனில் படமெடுத்துக்கொண்டாள்.
நூற்றைம்பதை எண்ணி வைத்தாள்.
வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
சிலிண்டர் விலை அப்படி.

சனிக்கிழமை ஒரு பையன்:
"அக்கா, ரெண்டு கொரியன், செம காரமா."
"எந்த ஊர்?" என்றேன்.
"நாமக்கல்," என்றான்.