குறி

காணிக் கந்தோரில் கேட்டது ஒரு கேள்விதான்:
"உங்கட ஆக்கள் எப்படித் தம்பலகாமத்துக்கு வந்தவை?"
நடந்து, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
படிவத்தின் ஏழாம் கட்டத்தில்
முதல் வந்தவரின் பெயரும் ஆண்டும் வேண்டுமாம்.

பெயர் தெரியும். வீரகத்தி. பூட்டனாரின் தகப்பன்.
ஆண்டுக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்.
வாந்திபேதி வந்த வருசம் என்பார் பெரியப்பா.
மாரி பொய்த்த வருசம் என்பார் சின்னப்பா.
மச்சாள் நவமலர் கனடாவிலிருந்து அனுப்பிய வம்ச மரத்தின் உச்சியில்
1871 என்று பச்சை மையில் இருக்கிறது.
எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.
"ஏதோ ஒரு வருசம் வேணுமெல்லே."

கரவெட்டியிலிருந்து ஒரு சோடி எருதும் ஒரு கலப்பையும்.
கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே இறங்கி வந்தாராம்.
கொக்கிளாய் முகத்துவாரம் உடைத்திருந்ததால்
ஏழு நாள் அக்கரையில் கிடந்தாராம்.
தென்னைமரவடியில் ஒரு எருதுக்குக் குளம்பு வெடித்ததாம்.
பிறகு குச்சவெளி, நிலாவெளி.
அந்த ஊர்களை நானும் கடந்திருக்கிறேன்,
எதிர்த்திசையில், இரவில்,
இடுப்பில் பிள்ளையோடு.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

காட்டை வெட்டி வயலாக்கினார் என்பது
கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சொல்லுகிற கதை.
பதிவகத்தில் கறையான் தின்றது போக மிஞ்சிய குத்தகைச் சீட்டில்
வெட்டிய காடு ஏதும் இல்லை.
கோயில் காணி. விளைச்சலில் பத்துக்கு மூன்று.
வீரகத்தி, ஊர் குறிப்பிடப்படவில்லை.
ஒப்பமிடும் இடத்தில் பெருவிரல் அடையாளமும் இல்லை.
மாட்டுக்குறி.
வீ என்ற எழுத்து, அதன் சுழிக்கு மேலே ஒரு பிறை.
அந்த மனுசனுக்குத் தன் பெயரில்
அந்த ஒரு எழுத்துத்தான் தெரிந்திருக்க வேண்டும்,
அதுவும் இரும்பாலும் நெருப்பாலும்.

விதைப்புக்கு முன்னம் மாடுகளைப் புல்தரைக்குச் சாய்க்கிற நாள்.
கிண்ணியா வீதியில் ஆட்டோ நின்றது.
எங்களைத் தாண்டிப் போன ஒரு செவலைப் பசுவின் பின்தொடையில்
மயிர் பாதி மூடிய நிலையில்
வீ.
பிறை.

"ஆற்ற மாடு தம்பி?"
"ஜெஸீமா ராத்தாட."

ஜெஸீமாவுக்கு என் வயதுதான் இருக்கும்.
பட்டிக் கணக்கெல்லாம் கைபேசியில்.
மால் கூரைக்குள் செருகிக் கிடந்த இரும்பை இழுத்து
புடவைத் தலைப்பால் துடைத்தாள்.
"ஆரோ ஒரு யாழ்ப்பாணத்து மனிசன் அடகு வெச்சதாம்,
மூத்தவாப்பாட வாப்பாட காலத்தில.
வெள்ளம் வந்து விதைநெல்லு போயிட்டாம்.
ரெண்டு மரைக்கால் வாங்கிட்டுப் போனவர்
மீட்க வரல்ல.
சும்மா கிடக்கிற இரும்புதானேண்டு
எங்கட மாட்டுக்குச் சுட்டுட்டாங்க.
அண்டையிலிருந்து இதுதான் குறி."

இது வீ, என்றேன். அவருடைய பெயர்.
"வீயா? பாம்பெண்டெல்லோ நினைச்சம்!"
சிரித்து முடித்துத் திரும்பப் பார்த்தாள்.
"பிறை இருக்குதே. அது எங்கடதான்."
கோயில் காணிக்காரன் எந்தப் பிறையை நினைத்து வளைத்தான் என்று
நான் சொல்லப் போகவில்லை.

அசலும் வட்டியும் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.
கைபேசியில் தட்டத் தொடங்கியவள் பாதியில் விட்டாள்.
"வேணாம் தங்கச்சி. உங்கட வயல் மிஞ்சாது.
கொண்டு போறெண்டா இரும்பைக் கொண்டு போங்க."

கையில் வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரம்.
பிடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.
தேய்த்த கைகளில்
எங்களுடையவை எத்தனை இருக்கும்,
நாலு? ஆறு?
எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு
தேத்தண்ணி குடித்தேன். இனிப்புக் கூட.

எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கும்
வீரகத்தி என்று பெயர் வைத்ததில்லை.
படலைக்கு வெளியே முந்நூறு மாடுகள்
அவர் பெயரைத் தொடையில் வைத்துக்கொண்டு
இலையான் விரட்டின.

திங்கட்கிழமை ஏழாம் கட்டத்தில் எழுதிக் கொடுத்தேன்:
வெள்ளத்துக்கு முந்தி.
"எந்த வெள்ளம்?" என்றார், தலை நிமிராமல்.
விதைநெல் போன வெள்ளம், என்றேன்.
ரெண்டு மரைக்கால்.