முக்கால் மில்லிமீட்டர்

ரேவண்ணா சைக்கிளை நிறுத்தி
"அமெரிக்கா!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.
லிங்கராஜபுரத்தில் அமெரிக்கத் தபால் வரும் வீட்டில்
ஒரு மாப்பிள்ளை இருப்பார்,
இல்லாவிட்டால் ஒரு சபை.
எனக்கு இருப்பது ஒஹாயோவில் ஒரு கடைக்காரர்.
கடைகூட இல்லை,
ஒரு தபால்பெட்டி எண்.

பேஸ்பாலை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.
ஒரு அணிக்கு எத்தனை பேர் என்பதே
முதல் இரண்டு வருடம் தெரியாது.
தொலைபேசித் தொழிற்சாலைக்கு வந்த மரப்பெட்டியில்
ரிலேக்கள் ஆடாமலிருக்க எவனோ சொருகிய அட்டை:
நீலத் தொப்பி, வெயிலுக்குச் சுருங்கிய கண்,
கையில் முறம் அளவுக்குத் தோலுறை.
திணித்திருந்த கசங்கிய செய்தித்தாளில் மூன்று வரி விளம்பரம்.
பழைய அட்டைகள். தபாலில். பட்டியல் இலவசம்.

இலவசம் என்றதால்தான் எழுதினேன்.

பட்டியல் வந்தது. தட்டச்சு.
ஒவ்வொரு பூஜ்யமும் தாளில் ஓட்டை போட்டிருந்தது.
"மூலை மழுங்கல். இடது ஓரம் மடிப்பு.
பின்புறம் பபிள்கம் கறை."
லாய்ட் ஹென்ஷா என்று கையெழுத்து.
நானும் நாளெல்லாம் இதைத்தானே எழுதுகிறேன்,
டயலுக்கும் ஸ்பிரிங்குக்கும்.
தேர்வு. தள்ளுபடி. மறுசோதனை.

டிராஃப்ட் எடுக்கப் போனால்
காரணம் என்ன என்றார் மேனேஜர்.
படம், என்றேன்.
யாருடைய?
தெரியாதவர்களுடைய.
'கல்வி நூல்கள்' என்று அவரே எழுதிக்கொண்டார்.

பெரிய ஆட்டக்காரர்கள் என் சம்பளத்துக்கு எட்டமாட்டார்கள்.
நான் வாங்கியதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்,
தலைக்கு முப்பது சென்ட்.
அட்டையின் பின்புறம் அவர்களைப் பற்றி இரண்டு வரி இருக்கும்.
பனிக்காலத்தில் மரச்சாமான் விற்கிறார்.
பனிக்காலத்தில் மாமனாருடன் கோழி வளர்க்கிறார்.
பதினொரு ஆட்டம், நான்கு பிழை.
நாற்பது வருடத்துப் பபிள்கம்மை
முகர்ந்தால் இன்னும் சர்க்கரை வாசம்,
கொஞ்சம் சோப்பும்.

ஒன்பது வருடத்தில் அந்த வருடத்து வரிசை நிறைந்தது,
எண் 217 தவிர.
வால்ட் டெம்சி, கேட்சர்.
பன்னிரண்டு டாலர். போனஸில் பாதி.
"நான்கு மூலையும் கூர்மை" என்று போட்டிருந்தார் ஹென்ஷா.
வந்தது. கூர்மைதான்.
விரலைக் குத்தும் கூர்மை.

வெர்னியரை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது.
எடுத்துவந்தேன்.
இருக்க வேண்டியது எண்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
இருந்தது எண்பத்தெட்டு புள்ளி ஒன்று ஐந்து.
எவனோ மழுங்கலை வெட்டிப்போட்டு
மூலையைப் புதிதாக்கியிருக்கிறான்.
டெம்சியின் தொப்பி உச்சியில்
வானம் கொஞ்சம் குறைகிறது.

எழுதினேன். கோபமாக அல்ல, ரிப்போர்ட்டாக.
ஏழு வாரம் பதிலில்லை.
அதன் பிறகுதான் இந்த ரேவண்ணா, இந்த அமெரிக்கா,
சுங்க முத்திரை குத்திய இந்தக் கனமான உறை.

"அன்புள்ள திரு. ஜெயசீலி,
(ஒன்பது வருடமாக நான் திரு. தான்)
முப்பத்தோரு வருடத்தில்
அளந்து பார்த்த வாடிக்கையாளர் நீங்கள் ஒருவர்தான்.
செக் இத்துடன். அட்டை உங்களிடமே இருக்கட்டும்.
இன்னொரு நாற்பது அனுப்பியிருக்கிறேன்.
என்னிடம் இருப்பது மர ஸ்கேல் மட்டும்.
அளந்து சொல்ல முடியுமா?"

வெட்டியது யார் என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.
பன்னிரண்டு டாலர் செக்கை மாற்ற
வங்கி பதினைந்து டாலர் கேட்கும்.

ஞாயிறு, ஆராதனை முடிந்து, பகல் வெளிச்சத்தில்
நாற்பதையும் மேசையில் பரப்பினேன்.
ஃபேனை நிறுத்தச் சொன்னதற்குத்
தங்கை முணுமுணுத்தாள்.
இருபத்தொன்பது தேர்வு.
பதினொன்று தள்ளுபடி.
அடியில் பெயர் போடவில்லை,
தொழிற்சாலை வழக்கப்படி
சோதகர் எண் 46.

டெம்சியை அவன் உறையில் போட்டேன்.
உறை முழு அளவுக்குத் தைத்தது.
அசைத்தால் உள்ளே லேசாக ஆடுகிறான்.
ஒரு துண்டுக் காகிதம் சொருகினால் நின்றுவிடும்.

சொருகவில்லை.