ஏட்டுத் தூக்கம்

பத்தொன்பது வருடம் ஒமாஹாவில்
லாரிக் கம்பெனியின் பின்னறையில்
ஓட்டுநர்களின் தூக்கத்தைச் சரிபார்த்தேன்.
அதுதான் என் வேலை.
மர அடிக்கோல் ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று,
காபிக் கறையும் கடுகு சாஸும் படிந்த
நாள்கணக்குத் தாள்கள், பெட்டி நிறைய.

தாளில் நாலு வரிசை:
ஓய்வு, படுக்கை, ஓட்டம், பணி.
படுக்கை வரிசையில் எல்லோரும்
ஆடாத கோடாகப் பத்து மணி நேரம் கிடப்பார்கள்.
டீசல் ரசீது வேறு கதை சொல்லும்.
கியர்னியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஆர்லன்
அதே இரவு இரண்டு பத்துக்கு
ஷையானில் நூற்றிருபது காலன் நிரப்பியிருப்பார்.
தூக்கத்தில் நடப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.
தூக்கத்தில் முப்பத்தாறு டன்னை
மலையேற்றியவர்கள் என் கோப்பில் இருந்தார்கள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கள் என்று
தாளைத் திருப்பி அனுப்புவேன்.
பொருந்தச் சொன்னார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
ஏட்டுத் தூக்கம் கண்ணுக்கு உதவாது.
ஆக்லாலா தாண்டி ஒரு பாலத்தூணில்
அதை ஒருவன் நிரூபித்தான்.
அவன் தாள் மிகச் சுத்தமாக இருந்தது.
நான் டிக் அடித்திருந்தேன்.

பிறகு பெட்டி வந்தது.
சிகரெட் பாக்கெட் அளவு.
எஞ்சினோடு ஒரு கேபிளில் பேசும்.
சக்கரம் உருண்டால் எழுதும், நின்றால் எழுதும்.
பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே என்ற சட்டம்
முன்பும் இருந்ததுதான். இப்போது அதற்குக் கண் முளைத்தது.

ஆர்லன் சாவியை என் மேசையில் வைத்தார்.
"முப்பது வருடமாக என் மனைவிகூட
எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை, நெட்டி."
என்ன சொல்ல? ஒரு டோனட் கொடுத்தேன்.
தின்றுவிட்டுப் போனார்.

வெரோனாவும் திட்டினாள், முதல் மூன்று மாதம்.
நேரம் தீர்கிற இடத்தில் நிறுத்த இடம் இருக்காது.
பெட்டிக்கு அது தெரியாது.
நெடுஞ்சாலை இறங்குபாதை ஓரத்தில்
ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கட்டில் ஆட
படுத்திருக்கிறாள். அந்தக் குறை இன்றும் தீரவில்லை.

ஆனால் கிராண்ட் ஐலண்ட் இறைச்சிக் கிடங்கு:
காலை ஆறு ஐந்துக்கு உள்ளே நுழைந்தாள்.
ஏழாம் கதவு, காத்திரு என்றார்கள்.
பன்னிரண்டு பதினொன்றுக்கு வெளியே வந்தாள்.
"ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லையே,"
கிடங்குக்காரர் தொலைபேசியில்.
முன்பென்றால் வாய்க்கும் வாய்க்கும் வழக்கு,
பெரிய வாய் ஜெயிக்கும்.
இந்த முறை நான் வாயே திறக்கவில்லை.
ஒரே ஒரு பக்கம் அச்சடித்து அனுப்பினேன்.
நாலு மணி நேரக் காத்திருப்புக் கூலி வந்தது.
வெரோனா அதில் பனிக்கால பூட்ஸ் வாங்கினாள்.
"கோள்சொல்லி என்று நினைத்தேன்,
சாட்சியும் சொல்லும் போலிருக்கிறது."

ஜனவரி. லாரமி. பக்கவாட்டுக் காற்று.
"ராலின்ஸ் வரை மட்டும், இன்னும் நூறு மைல்தான்,"
லோடு அனுப்பும் கிளேட்டன் கெஞ்சினார்.
அவர் காதில் ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார்.
முடியாது என்ற சொல்
வாடகை கட்டுகிறவர்கள் வாயில் சுலபமாக வராது.
அன்று அவள் அதைச் சொல்லவே இல்லை.
திரையைப் படமெடுத்து அனுப்பினாள்:
மீதி நேரம், பூஜ்யம்.
கிளேட்டன் அதே படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு
நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும்
முடியாது என்று சொல்ல ஆள் கிடைத்தது.

என் திரையில் பச்சைப் புள்ளி சாம்பலானது,
இரவு ஒன்பது நாற்பதுக்கு.
கோட்டை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தேன்.
நகரவில்லை.

அடிக்கோல் இழுப்பறையில் கிடக்கிறது.
சில நாள் அதால் முதுகு சொறிகிறேன்.

மறுநாள் ஏழு நாற்பதுக்குப் பத்து மணி நேரம் நிறைந்தது.
புள்ளி பச்சையானது ஏழு ஐம்பத்திரண்டுக்கு.
அந்தப் பன்னிரண்டு நிமிடம் எதற்கென்று
பெட்டி எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.