அடுத்த செவ்வாய்

மே ஹோங் சோனிலிருந்து சியாங் மாய்க்கு
ஆயிரத்துச் சொச்சம் வளைவு.
செவ்வாய்தோறும் வாந்திப் பையோடு இறங்குவார்
புன்லேர்ட், பூண்டு லாரி ஓட்டியவர்.

விழுங்கிய மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும்;
விழித்திரை வாசலில் மட்டும்
ரத்தத்தை நிறுத்திச் சோதிக்கும் காவல்.
கிருமி எப்படியோ உள்ளே போய்விட்டது.
மருந்துக்குத்தான் அனுமதியில்லை.

அதனால் ஊசி,
கருவிழி விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி.
மேலே பாருங்கள் என்பேன்.
மேலே அதே பல்லிதான் டாக்டர் என்பார்.

இன்று அரிசிமுனை அளவில்
கண்ணுக்குள் ஒன்று வைத்துத் தைத்தோம்.
மெல்லக் கசியும்; எட்டு மாதம் தாங்கலாம்.

"அப்போ அடுத்த செவ்வாய்?"
வர வேண்டாம்.

கட்டுப்போட்ட கண்ணோடு
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.
பிறகு வாந்திப் பைக்கு அடியிலிருந்து
ஆறு பூண்டு எடுத்து
மேசையில் வைத்தார்,
எட்டு மாதத்துக்கும் சேர்த்து.